ஆறும் வரை தொடாதே

அத்தான் எதைத் தொடுவதற்கு முன்னும் கட்டைவிரலை நக்குவார். செய்தித்தாளைப் புரட்ட நக்கினால் போகட்டும், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். இவர் தாழ்ப்பாளைத் திறக்க நக்குவார், பசை டப்பாவின் மூடியைத் திருக நக்குவார், பலகையில் தூசி இருக்கிறதா என்று பார்க்க நக்கிவிட்டு நீளமாக ஓர் இழுப்பு இழுப்பார். அந்த ஈரம் காய்ந்து மரத்தின் மேல் நத்தை போன தடமாக நிற்கும். அதைத் துடைத்துத் துடைத்தே அவருடைய கொழுந்தியாளுக்குப் பாதி ஆயுள் போயிற்று.

கொழுந்தியாளைப் பட்டறையிலும் தெருவிலும் மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். புகுந்த வீடு ஒத்துவராமல் ஒற்றைப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். சும்மா உட்கார்ந்து தின்றால் தொண்டையில் இறங்காது என்று அத்தானின் தச்சுப் பட்டறையில் பிரஷைக் கையில் எடுத்தாள். அத்தான் மேசை, நாற்காலி, கதவு செய்வார். மூக்கி அவற்றுக்கு லேக்கர் பூச்சு அடித்து மெருகு ஏற்றுவாள். வாடிக்கையாளர்கள் அத்தானின் இழைப்பைப் பார்த்து வருவதில்லை, மூக்கியின் மெருகைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அத்தானுக்கும் தெரியும். சிக்கலே அதுதான்.

அந்தப் பட்டறையில் காய்வது வேறு, ஆறுவது வேறு. லேக்கர் அடித்த கொஞ்ச நேரத்திலேயே காய்ந்துவிடும், கை வைத்தால் ஒட்டாது. ஆனால் லேக்கரைக் கரைக்க ஊற்றிய தின்னர் உள்ளே குடியிருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, படலம் இறுகி, மரத்தின் நரம்புகளுக்குள் இறங்க வேண்டிய மட்டும் இறங்கி முடிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஆறுவது. புண் பொருக்குத் தட்டுவதற்கும் ஆறுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமாக அடித்த பலகை ஆற ஒரு மாதம்கூட ஆகும். அதற்கு முன்னால் உரசித் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினால் அன்றைக்கு ஊர்க்கண்ணே படும் அளவுக்கு மினுங்கும். பிறகு உள்ளே இருப்பது இறங்க இறங்க மேலே இருப்பதும் கூடவே இறங்கும். தேய்த்த கீறல் ஒவ்வொன்றாக எழுந்து வரும், மரத்தின் துவாரங்கள் வாயைத் திறக்கும், முகம் தெரிந்த இடம் புகை பிடித்த மாதிரி மங்கிப்போகும். ஆறிவிட்டதா என்று அறிய மூக்கி பலகையின் மேல் மூக்கை வைப்பாள். தின்னர் வாடை துளி இருந்தாலும் தொட மாட்டாள். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு அத்தானோடு ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமா? மரத்துக்கு முதல் பூச்சாக அடிக்கும் சீலரைக் கலக்குகிற குச்சியால் அவர் காது குடைவார். குடைந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், என்னவோ புதையல் எடுத்தவர் மாதிரி. டீயின் கடைசி வாயைக் கொப்பளித்து அப்படியே விழுங்குவார். மூக்கியின் சீப்பில் தலை வாருவார், அவள் துண்டில் அக்குள் துடைப்பார். பட்டறையை ஒட்டிய அவள் அறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. மரச்சட்டங்கள் பாதி அங்கேதான் கிடக்கின்றன என்ற சாக்கில் நினைத்த நேரத்தில் உள்ளே வருவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்பது அக்காவின் கட்சி. எண்ணம் எதுவோ, ஆள் வந்து போன பிறகு அறையில் ஒரு புளித்த வாடை நிற்கும். கடைசி மெருகுக்கென்று அவள் தனியாக வைத்திருந்த கம்பளித் துணியில் ஒருநாள் மூக்கைச் சிந்திவிட்டு, அதே மடிப்பில் திரும்ப மடித்து வைத்திருந்தார். சிந்தியதைக்கூட மன்னித்திருப்பாள். மடித்து வைத்ததுதான் அவளுக்குக் குமட்டியது.

இந்த நேரத்தில்தான் பியானோக்காரர் வந்தார். பழைய பியானோக்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவர். ஒட்ட வெட்டிய நகம், கசங்காத சட்டை, பக்கத்தில் வந்தால் சோப்பு வாசனை. ஒரு பெரிய பியானோவின் மேல்மூடியைக் கொண்டுவந்து, கறுப்பில் முகம் பார்க்கிற மாதிரி வேண்டும் என்றார். மூடியை அத்தானிடம் ஒப்படைத்தாலும் பேச்சையெல்லாம் மூக்கியிடம்தான் பேசினார். இது சரியாக வந்தால் தன் கடையிலேயே மெருகு வேலைக்கு அவளை வைத்துக்கொள்வதாகவும், கடைக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது, தங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அத்தான் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

மூக்கி அந்த மூடியைப் பிள்ளையைக் கவனிப்பதுபோல் கவனித்தாள். பழைய பூச்சைச் சுரண்டி, பள்ளங்களை அடைத்து, படலம் படலமாகக் கறுப்பு லேக்கர் ஏற்றி, பட்டறையின் பின்கட்டில் இருந்த சின்ன அறையில் படுக்கப் போட்டாள். கதவில் சாக்குக் கட்டியால் ‘ஆறும் வரை தொடாதே’ என்று பெரிதாக எழுதினாள். அத்தானிடம் வாயாலும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

அடுத்த மாதம் பிறந்து கொஞ்ச நாளில் பியானோக்காரர் ஆள் அனுப்பினார். அந்தப் பியானோவின் கால்களில் சில்லுப் பெயர்ந்திருக்கிறது, ஒரு நாள் வந்து பார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். மூக்கி போனாள். கடை பளிச்சென்று இருந்தது. வேலையை முடித்துவிட்டு, அவர் சொன்ன பின்னறையையும் எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், துண்டு மாட்ட ஓர் ஆணி. கதவின் உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ‘டக்’ என்ற சத்தம் காதில் இனித்தது.

சாயங்காலம் பட்டறைக்குள் கால் வைத்ததும் மெருகுச் சக்கரம் சுற்றி ஓய்கிற சத்தம் கேட்டது. பின்கட்டு அறையிலிருந்து அத்தான் வியர்வையோடு வெளியே வந்தார். முழங்கை வரை மெருகு தேய்க்கிற காம்பவுண்டுப் பசை வெள்ளையாக அப்பியிருந்தது. வந்து பார் என்றார். அவருடைய சிரிப்பே சரியில்லை.

மூடி மின்னிக்கொண்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அத்தானுக்குத் தேய்க்கத் தெரியும். கூரைச் சட்டங்கள், தொங்கும் பல்பு, பின்னால் நின்று மூச்சு விடும் அத்தான், எல்லாம் அதற்குள் தெரிந்தன. தன்னை மறந்து மூக்கிக்கு ஒரு கணம் பெருமை பொங்கியது. உடனே குனிந்து மூக்கை வைத்தாள். தின்னர் வாடை குப்பென்று ஏறியது. பெருமைப்பட்டதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

யாரைக் கேட்டுத் தொட்டீர்கள் என்று கேட்டாள். அத்தான் அதற்குத் தயாராக இருந்தார் போலும். கதவைக் காட்டினார்.

“நீதானே எழுதியிருக்க, ஆறு வரை தொடாதேன்னு. இன்னைக்குத் தேதி ஆறு.”

கதவில் அப்படித்தான் இருந்தது. ‘ஆறு வரை தொடாதே’. ‘ம்’ இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. சாக்குத் தூள் உதிர்ந்து போனால் எல்லா எழுத்தும் கொஞ்சம் கொஞ்சம் உதிரும். இங்கே மற்ற எழுத்துகள் குத்துக்கல் மாதிரி நின்றன. ‘ம்’ மட்டும் போன இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வழவழப்பு, காய்ந்த ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. பார்த்ததும் மூக்கிக்குப் புரிந்தது. அவர் நின்று, நிதானமாக விரலை வாயில் விட்டு எடுத்து, ஓர் எழுத்தை அந்த எச்சிலால் அழித்திருக்கிறார். ஏமாற்றுகிறவன் ஒரு துணியை எடுத்தாவது துடைத்திருக்கக் கூடாதா?

கேட்டால், கண்ணில் பட்டதைத்தான் படித்தேன், உனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன், பியானோக்காரருக்கும் ஆள் விட்டுச் சொல்லியாகிவிட்டது, காலையில் வந்து எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, பசை அப்பிய கையை அவள் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள். கல்யாணமானதிலிருந்து கணவன் தொட்ட கண்ணாடி, கைப்பிடி, டம்ளர் எல்லாவற்றையும் பின்னாலேயே போய்த் துடைத்து, துடைப்பதே ஒரு சுபாவமாகிப்போனவள். மூக்கி நடந்ததைச் சொன்னாள். நாளைக்குப் பியானோக்காரரிடம் உண்மையைச் சொல்லப் போவதாகவும் சொன்னாள். அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“சொன்னா அவர் மூடியை எடுத்துக்கிட்டு வேற ஆளைத் தேடிப் போவாரு. சொல்லாம போ. போய்ச் சேர்ந்த பிறகு மங்குனா மங்கட்டும், அப்ப பாத்துக்கலாம். இப்போதைக்கு இதை ஆறப்போடு.” தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நீயாவது போடீ,” என்றாள்.

அந்த வீட்டில் எதையும் ஆறப்போடுவார்கள். சண்டையை, பேச்சை, கேட்க வேண்டிய கேள்வியை, வர வேண்டிய கோபத்தை, எல்லாவற்றையும் ஆறப்போட்டே நாள் ஓட்டினார்கள். ஆறப்போட வேண்டிய ஒரே பொருள் லேக்கர். அதை மட்டும் போட மாட்டார்கள்.

ஆனாலும் அக்கா சொன்னது மூக்கியின் மனதில் வேலை செய்தது. காலையில் எழுந்து பெட்டியைக் கட்டினாள். துண்டை எடுத்து வைக்கவில்லை, சீப்பையும் தொடவில்லை, புதிதாக வாங்கிக்கொள்ளலாம். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். பொய் சொல்லப் போவதில்லையே, சும்மாதானே இருக்கப் போகிறேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாக்கில் ஏதோ எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது போலவே இருந்தது, இரண்டு முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை.

பியானோக்காரர் வண்டியோடு வந்தார். மூடியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மேசை மேல் கிடத்தியிருந்தார்கள். அவர் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து தன் முகத்தைப் பார்த்தார், காலரைச் சரிசெய்துகொண்டார். இந்தக் கைக்காகத்தான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லி, இன்றைக்கே கிளம்பி வந்துவிடும்படி மூக்கியிடம் சொன்னார். மூக்கி தரையைப் பார்த்துத் தலையசைத்தாள். அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

பியானோக்காரர் வண்டியில் விரிக்கக் கம்பளி எடுக்கப் போன நேரத்தில் அத்தான் மூக்கியின் காதருகே வந்தார். வாய் நாற்றம் கன்னத்தில் பட்டது.

“தாராளமா போயிட்டு வா. ரெண்டு வாரம்தான். மூடி மங்குனதும் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவாங்க, நேரா இங்கதான் வருவ. உன் ரூம்ல சட்டம் எதையும் கூடுதலா அடுக்க மாட்டேன், கவலைப்படாதே.”

மூக்கிக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் அந்த மூடியைக் கெடுத்தது பொறாமையில் இல்லை, அவசரத்தில் இல்லை. அவளைத் திரும்ப வரவழைக்கத்தான் கெடுத்திருக்கிறார். போகவிட்டு, அவமானப்படவிட்டு, தாழ்ப்பாள் இல்லாத அந்த அறைக்குள் தானாக வந்து விழ வைப்பதற்கு. கம்பளியோடு திரும்பி வந்த பியானோக்காரரிடம் நேராகப் போனாள்.

“சார், இதை எடுத்துட்டுப் போகாதீங்க. இது இன்னும் ஆறல.”

விவரமாகச் சொன்னாள். மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே தின்னர் இருக்கிறது, ஆறுவதற்கு முன்னால் தேய்த்துவிட்டார்கள், இந்த மினுக்கம் நிற்காது, கீறலும் துவாரமும் எழும்பி வரும், முழுதும் எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். யார் தேய்த்தது என்று அவர் கேட்கவில்லை. நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அவரும் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்தான். அவள் சொன்னதில் அவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை. முகவாயைத் தடவிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும்?”

“ரெண்டு வாரம். மிஞ்சிப் போனா மூணு.”

அவர் முகம் தெளிந்தது. “அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லை. இந்த வெள்ளிக்கிழமை பியானோ கைமாறிடும். பாட்டு சொல்லிக் கொடுக்கிற ஒரு அம்மா வாங்குறாங்க. அவங்க வீட்டுல போய் மங்குச்சுன்னா, வெயில் பட்டிருக்கும், ஈரத்துணி போட்டுத் துடைச்சிருப்பீங்கன்னு சொல்லிக்கலாம். அவங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

அவர் மூக்கியைப் பாராட்டவும் செய்தார். இப்படி மறைக்காமல் சொல்கிற ஆள்தான் தனக்கு வேண்டும், எது எத்தனை நாள் தாங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் வியாபாரத்துக்கு எவ்வளவு வசதி, ஆனால் இந்த விஷயமெல்லாம் நமக்குள்ளேயே இருக்க வேண்டும், வாங்குகிறவர்கள் காதுக்குப் போகக் கூடாது என்று இதமாகச் சொன்னார். அறை தயாராக இருக்கிறது என்றும் சொன்னார். ஒட்ட வெட்டிய நகங்களால் மூடியின் ஓரத்தை லேசாகத் தட்டினார். அந்தச் சோப்பு வாசனை அவளுக்கு இப்போது அத்தானின் வாய் நாற்றத்தைவிட மோசமாக அடித்தது. அத்தானிடமாவது நாற்றம் வெளியே இருந்தது.

அந்த அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கலாம். காலையில் எழுந்து, ஆறாத பலகைகளைத் தேய்த்து, எது எத்தனை வாரம் தாங்கும் என்று முகர்ந்து சொல்லலாம். வருஷக் கணக்காகச் சொல்லலாம். இந்த மூக்கு அதற்குத்தான் பயன்படப் போகிறது.

அத்தானும் பியானோக்காரரும் மூடியைத் தூக்க ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மூக்கி முன்னால் வந்து, வலது உள்ளங்கையை விரித்து மூடியின் மேல் வைத்தாள். வைத்து, உடம்பின் கனத்தையெல்லாம் அதில் இறக்கி அழுத்தினாள். பியானோக்காரர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அவள் கையை எடுக்கவில்லை. கைச்சூட்டில் லேக்கர் இளகுவதை அவளால் உணர முடிந்தது. போதும் என்று தோன்றியபோது எடுத்தாள். பளபளத்த கறுப்பின் நடுவே ஐந்து விரலும் ரேகையோடு பதிந்து மங்கலாகக் கிடந்தன.

பியானோக்காரரின் முகம் இறுகியது. இனிமேல் தன் கடை வாசலை மிதிக்க வேண்டாம் என்றார். அதை அவள் எதிர்பார்த்தே இருந்தாள். கட்டி வைத்த பெட்டி வாசலில் இருந்தது. எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று மட்டும் தெரியவில்லை. அத்தான் இதற்கெல்லாம் அசரவில்லை. ஏறக்குறைய சந்தோஷமாகவே இருந்தார்.

“நீங்க டென்ஷன் ஆகாதீங்க சார். மேலோட்டமா இருக்கு. சக்கரத்தைப் போட்டா ரெண்டு நிமிஷத்துல போயிரும். அப்படியே வண்டியில ஏத்திரலாம்.”

பியானோக்காரர் யோசித்துவிட்டு, சரி, சீக்கிரம் ஆகட்டும் என்றார். அத்தான் சக்கரத்தைக் கொண்டுவந்து பிளக்கை மாட்டினார். சக்கரம் சுற்றத் தொடங்கியது. மூக்கி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் செய்ததெல்லாம் இரண்டு நிமிட வேலையாகிவிட்டது. வேலையும் போயிற்று, அந்தப் பாட்டு டீச்சர் ஏமாறுவதும் நிற்கவில்லை.

சக்கரம் சட்டென்று ஓய்ந்தது. கண்ணைத் திறந்தபோது அக்கா சுவரோரம் நின்றிருந்தாள், பிடுங்கிய பிளக் கையில் தொங்கியது. அதைக் கீழே போட்டுவிட்டு மேசையருகே வந்தாள். பாத்திரம் தேய்த்த ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் மூடியின் மேல் விரித்து, முழங்கை மடியாமல், மாவை அழுத்துகிற மாதிரி அழுத்தினாள். எடுத்து, கொஞ்சம் தள்ளி மறுபடி அழுத்தினாள். ஓரம் முதல் ஓரம் வரை அப்படியே வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, அவள் இப்படி ஒன்று செய்வாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. மூடி முழுக்கக் கைகளாக இருந்தது.

பிறகு நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

“இதையும் சேர்த்துத் தேய்ச்சு எடுங்க,” என்றாள்.